மதிப்பாய்வாளரின் கேள்வி

இந்தியக் கல்லூரி ஆசிரியர் ஒருவருடைய பணிவாழ்வில் ஆய்விதழ்க் கட்டுரை இரண்டு காரியங்களைச் செய்கிறது: அவர் கண்டறிந்ததை அதே துறையில் உழைக்கும் பிறர் படித்து, சோதித்து, தம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கிறது, அவர் இணைப் பேராசிரியராகவும் பேராசிரியராகவும் உயர்வதற்கு வேண்டிய மதிப்பெண்ணையும் சேர்த்துத் தருகிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நன்கு செய்யப்பட்ட ஆய்வுக்குப் பதவி உயர்வு கிடைப்பது முறையே, கிடைக்காமற்போவதுதான் அநீதி. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையில் மதிப்பாய்வாளர் என்ற ஒருவர் இருக்கிறார். இதழாசிரியர் அனுப்பும் கட்டுரையைப் படித்து, தம் பெயரை வெளியிடாமல் ஐயங்களை எழுதி அனுப்புபவர் அவர். வேதியியல் பாடம் நடத்தியும், ஆய்வு மாணவர்களை நெறிப்படுத்தியும், மதிப்பாய்வு அறிக்கைகளைப் பெற்றும் எழுதியும் பழகிய இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், ஓர் ஆய்வாளர் இதழிடமிருந்து பெறக்கூடியவற்றுள் மிகப் பெரியது அந்த மதிப்பாய்வாளரின் கேள்விதான். அச்சேறிய பக்கமும் அதற்குரிய மதிப்பெண்ணும் அக்கேள்விக்கு விடை தேடியதன் பின்னர் வருபவை.

பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள் ஆசிரியரின் பணியை எண்ணால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தன. ஆசிரியர் அறைகளில் ‘ஏ.பி.ஐ.’ என்று வழங்கும் அம்முறை கற்பித்தலுக்கும் நிறுவனப் பணிக்கும் ஆய்வுக்கும் தனித்தனியே புள்ளி வைத்தது. 2018-இன் ஒழுங்குவிதிகள் அதைத் திருத்தி, ஆய்வுக்கெனத் தனிப் பட்டியல் ஒன்றை அமைத்தன. அதன்படி அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளியும், மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10 புள்ளியும் உண்டு. இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடும் தாக்கக் காரணியைப் பொறுத்து அது மேலும் கூடும். நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் ஆவதற்கு 7 கட்டுரைகளும் 75 புள்ளியும், பேராசிரியர் ஆவதற்கு 10 கட்டுரைகளும் 120 புள்ளியும் வேண்டும். இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால், முதல் ஆசிரியருக்கோ இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக் கட்டுரைக்குப் பொறுப்பேற்கும் தொடர்பு ஆசிரியருக்கோ 70, ஏனையோருக்கு 30 விழுக்காடு. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்துப் பதவி தரும் வழக்கத்துக்கு எதிராக இத்தகைய எண்கள் ஒரு காப்பாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. பின்புலமோ பரிந்துரையோ இல்லாத பல இளம் ஆசிரியர்கள் தம் கட்டுரைகளின் துணையால் மட்டுமே நேர்காணல் அறைக்குள் நுழைந்தனர்.

எண்ணின் குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பாய்வு பெற்ற இதழில் ஒரு கட்டுரையேனும் வெளிவந்திருக்க வேண்டும் என்று 2009-இன் விதிகளும் 2016-இன் விதிகளும் கூறின. 2022-இல் மானியக் குழு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. அக்கட்டாயம் நடப்பிலிருந்த ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ‘பேப்பர் போட்டாச்சா?’ என்பதுதான். என்ன கண்டறிந்தாய் என்ற கேள்வி அதற்குப் பின்னே தள்ளப்பட்டது. நாள் நெருங்கி, ஆய்வேடு தயாராகி, கட்டுரை மட்டும் வெளிவராத நிலையில் ஒரு மாணவர் படும் தவிப்பை நெறியாளர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தவிப்பை முதலாக்கிப் பிழைக்கும் இதழ்கள் பெருகியதும் அக்காலத்தில்தான்.

அத்தகைய இதழ்களின் நடைமுறை எளியது. ‘மூன்று நாளில் ஏற்பு, ஐந்தாம் நாளில் வெளியீடு’ என்று மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி வரும். பன்னாட்டு இதழ் என்ற பட்டமும், ஐ.எஸ்.எஸ்.என். என்ற எட்டிலக்க எண்ணும் முகப்பில் இருக்கும். அந்த எண் ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காண்பதற்கு மட்டுமே வழங்கப்படுவது, தரத்துக்குச் சான்றாகாது என்பதைப் பல ஆசிரியர்களே அறிந்திருப்பதில்லை. பணம் கட்டியவுடன் ஏற்புக் கடிதம் வரும். கட்டுரையை எவரும் படித்ததற்கான தடயம் எங்கும் இராது. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் ‘சயின்ஸ்’ இதழுக்காக நடத்திய சோதனை இதை உலகறியச் செய்தது. பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்த வேதிப்பொருள் புற்றுச் செல்களை அழிக்கிறது என்று புனைந்தெழுதிய கட்டுரையை, திறந்த அணுக்க இதழ்கள் 304-க்கு, அதாவது படிப்பவரிடம் கட்டணம் வாங்காமல் பெரும்பாலும் எழுதுபவரிடம் வாங்கும் இதழ்களுக்கு, அவர் அனுப்பினார். மருந்து கரைக்கப்பட்ட ஆல்கஹால், ஒப்பீட்டுக்காக வைத்த செல்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்ற பிழை அதில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் செல்களை அழித்தது மருந்தா, ஆல்கஹாலா என்று சொல்ல வழியில்லை. இளநிலை மாணவர் கண்டுபிடிக்கக்கூடிய இப்பிழையைத் தாண்டி 157 இதழ்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டன.

மானியக் குழு இதைத் தடுக்க முயன்றது. 2017-இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதிலும் தரமற்றவை நுழைந்துவிட்டதால் 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது. அவ்வாண்டின் இறுதியில் ‘கேர்’ என்ற கூட்டமைப்பை அறிவித்து, புணே பல்கலைக்கழகத்தின் துணையோடு 2019-இல் புதிய பட்டியலைத் தந்தது. 2025 பிப்ரவரியில் அப்பட்டியலையும் கைவிட்டு, இதழைத் தேரும் பொறுப்பை ஆசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் விட்டது. பட்டியல் இருந்த நாள்களில் அதிலிருந்த நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்தியவர்கள் உண்டு. சிறுதுறைகளில் நேர்மையாக நடந்த சில தமிழ் இதழ்கள் படிவங்களை நிரப்பத் தெரியாமல் வெளியே நின்றதும் உண்டு. எந்தப் பட்டியலும் ஒருவர் கட்டுரையைப் படித்தார் என்பதற்கு ஈடாகாது என்பதே இந்த எட்டாண்டுக் கால அனுபவம் காட்டுவது.

படித்துக் கேள்வி கேட்கும் வழக்கம் ஆய்விதழோடு சேர்ந்தே பிறந்ததாகப் பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. இலண்டனில் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியபோது எதை வெளியிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்தார். ‘நேச்சர்’ போன்ற இதழே வெளி மதிப்பாய்வை ஒழுங்கான விதியாக்கியது 1973-இல்தான். இடைக்காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இவ்வழக்கத்தின் பயனை நன்கு விளக்குகிறது. 1936-இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இருக்க முடியாது என்ற முடிவோடு ஒரு கட்டுரையை அமெரிக்காவின் ‘ஃபிசிகல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினர். இதழாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பாய்வாளருக்கு அனுப்ப, அவர் பிழையைச் சுட்டி நீண்ட அறிக்கை எழுதினார். தம் அனுமதியின்றி வெளியாள் ஒருவரிடம் கட்டுரையைக் காட்டியதற்குச் சினந்த ஐன்ஸ்டைன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆயினும், 1937-இல் வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. பிரின்ஸ்டனில் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற அறிஞர் அதே பிழையை நட்பு முறையில் ஐன்ஸ்டைனின் உதவியாளருக்கு எடுத்துக்காட்டியிருந்தார். அவரே அந்தப் பெயர் தெரியாத மதிப்பாய்வாளர் என்பது 2005-இல் இதழின் பழைய பதிவேடுகளிலிருந்து உறுதியாயிற்று.

கட்டுரை வழியாகப் பணிவாழ்வு உயர்ந்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சீனிவாச இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களின் பண்புகள் குறித்தது, 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கல்லூரித் தேர்வில் தவறிய, பட்டம் பெறாத இளைஞர் அவர். இதழாசிரியராக இருந்த பெங்களூர்ப் பேராசிரியர் நாராயண ஐயங்கார், கணிதத்தின் புதுமையை ஒப்புக்கொண்டபோதிலும் அது மிகச் சுருக்கமாகவும் தெளிவின்றியும் எழுதப்பட்டிருப்பதால் பொது வாசகரால் பின்தொடர முடியாது என்று கண்டு, கையெழுத்துப்படியைத் திருப்பித் திருப்பி அனுப்பிச் செப்பஞ்செய்யச் சொன்னார். அப்பொறுமையான போக்குவரத்தின் விளைவாக வெளிவந்த கட்டுரைகள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவரைக் கணிதம் அறிந்தோர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நிலைக்கு உயர்த்தின. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியின் மறுமொழியும் வந்து சேர, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு பேராசிரியர் தம் மேசையில் அக்கணிதத்தை வரி வரியாகப் படித்து இது புரியவில்லை, விளக்குக என்று எழுதினார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி நடைமுறை. கட்டுரை இதழுக்குச் சென்றதும் முதலில் படிப்பவர் இதழாசிரியர். தம் இதழின் எல்லைக்குள் அது வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் மதிப்பாய்வுக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவார். இந்த முதல்நிலை நிராகரிப்பைக் கண்டு மனம் உடைவோர் பலர். பெரும்பாலும் அது தவறான இதழைத் தேர்ந்ததன் விளைவு மட்டுமே. எந்த இதழுக்கு அனுப்புவது என்பதைத் தாக்கக் காரணியைப் பார்த்து முடிவு செய்வதைக் காட்டிலும், தம் கட்டுரையின் அடிக்குறிப்புகளில் எந்த இதழ் மிகுதியாக இடம்பெறுகிறது என்று பார்த்து முடிவு செய்வது நல்லது, ஏனெனில் அக்கட்டுரையைப் படிக்க வேண்டியவர்கள் அந்த இதழைத்தான் படிக்கிறார்கள். முதல்நிலையைக் கடந்தால் இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களிடம் போகும். சில வாரங்களோ பல மாதங்களோ கழித்து ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு என்ற நான்கில் ஒன்று முடிவாக வரும். ‘மேஜர் ரிவிஷன்’ என்று வழங்கும் பெருந்திருத்தத்தைத் தோல்வி என்று எண்ணும் மாணவர்களிடம் இக்கட்டுரையாளர் எப்போதும் சொல்வது, அதுதான் நல்ல செய்தி என்பது. கட்டுரையை நம்பி உழைக்க ஒருவர் முன்வந்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

கேள்வி எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லையும் எலும்பையும் பாதிப்பது நெடுநாள் அறியப்பட்ட செய்தி. அவ்வட்டாரக் கிணறுகளின் நீரை அளந்து, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை எத்தனை கிணறுகள் தாண்டுகின்றன என்று பட்டியலிட்ட கட்டுரை ஒன்றை ஆய்வு மாணவி ஒருவர் அனுப்பியிருந்தார். வந்த அறிக்கையில் நான்கு கேள்விகள் இருந்தன. நீரைக் கண்ணாடிப் புட்டியில் வைத்தீரா, பாலிஎத்திலீன் புட்டியிலா? ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் இக்கேள்வி. மின்முனையால் அளக்கும் முன் அயனி வலிமையைச் சீராக்கும் தாங்கல் கரைசலைச் சேர்த்தீரா? நீரிலுள்ள அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிணைத்துக்கொண்டால் மின்முனைக்கு அது தெரியாது. தாங்கல் கரைசல் அப்பிணைப்பை விடுவிக்கும். ஒவ்வொரு மாதிரியிலும் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் 5 விழுக்காட்டுக்குள் ஒத்துவருகின்றனவா? நீர் மின்னேற்றம் அற்றது ஆகையால் இவை ஒத்துவர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் அளவீடு பிழை. இறுதிக் கேள்வி: கால்சியம் ஃபுளோரைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்றிருக்க, சில கிணறுகளில் கால்சியமும் ஃபுளோரைடும் ஒருசேர மிகுந்திருப்பதாகக் காட்டியிருப்பது எப்படி?

முதலிரண்டுக்கும் குறிப்பேட்டிலேயே விடை இருந்தது. செய்முறைப் பகுதியில் எழுதாமல் விட்டிருந்தார். மூன்றாவதைக் கணக்கிட்டபோது சில மாதிரிகள் 5 விழுக்காட்டைத் தாண்டி நின்றன, அவை நான்காம் கேள்வி சுட்டிய அதே கிணறுகளாக இருந்தன. பியூரெட்டில் இ.டி.டி.ஏ. கரைசலை விட்டுச் செய்த தரம்பார்த்தலை மீண்டும் எடுத்துப் பார்த்ததும் காரணம் வெளிப்பட்டது: கார அமில எண் 10-இல், கருநிறங்காட்டியைக் கொண்டு பெற்ற அளவு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை, அது அந்தச் சில மாதிரிகளில் கால்சியம் என்ற நிரலில் ஏறியிருந்தது. கார அமில எண்ணை 12-க்கு உயர்த்தி, மக்னீசியம் வீழ்படிவாகிய பின் மியூரெக்சைடு நிறங்காட்டியோடு மீண்டும் செய்தபோது, ஃபுளோரைடு மிகுந்த கிணறுகள் யாவும் கால்சியம் குறைந்தவை, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்தவை என்பது தெளிவாயிற்று. எத்தனை கிணறுகள் வரம்பைத் தாண்டின என்று மட்டும் சொல்லவந்த கட்டுரை, ஏன் அவை தாண்டின என்று சொல்லும் கட்டுரையாக மாறியது, தலைப்பும் மாறியது. பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ஏற்கும் இதழுக்கு அதே கட்டுரை சென்றிருந்தால் பிழையான கால்சியம் நிரல் அப்படியே அச்சேறியிருக்கும், அந்த மாணவி பியூரெட்டுக்குத் திரும்பப் போயிருக்கமாட்டார்.

பதில் கடிதம் எழுதுவது தனிப் பயிற்சி வேண்டும் கலை. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கூற்றையும் அப்படியே எடுத்தெழுதி, அதன்கீழ் விடையையும், திருத்தம் செய்த பக்கத்தையும் வரியையும் குறிப்பிட வேண்டும். ஏற்க முடியாத கருத்தை ஏற்றதாகப் பாசாங்கு செய்வதைவிட, தரவைக் காட்டி மறுப்பதையே நல்ல இதழாசிரியர்கள் மதிக்கின்றனர். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும் இடங்களில், அவர் அப்படிப் புரிந்துகொள்ள இடங்கொடுத்த வாக்கியம் எது என்று தேடினால் அநேகமாக அகப்படும். அறிக்கை வந்த நாளிலேயே பதில் எழுதக் கூடாது என்பதையும் மூத்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள், அது பொன்னான அறிவுரை. மறுப்பே வந்தாலும் அறிக்கை வீணாகாது; அதன் கேள்விகளுக்கு விடைகண்ட பின் வேறிதழுக்கு அனுப்பலாம். செல்லுக்குள் உணவு ஆற்றலாக மாறும் சுழற்சியைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸின் கட்டுரையை 1937-இல் ‘நேச்சர்’ ஏற்கவில்லை. அவர் அதை ‘என்சைமோலோகியா’ இதழுக்கு அனுப்பி வெளியிட்டார், 1953-இல் நோபல் பரிசும் பெற்றார்.

தாக்கக் காரணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் நடப்பாண்டில் பெற்ற மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கத் தகவலியல் அறிஞர் இதழ்களை ஒப்பிடுவதற்காக வகுத்தது. தனியொரு கட்டுரையையோ அதை எழுதியவரையோ அளக்க அது பிறந்ததன்று. மேற்கோள் பெற நெடுங்காலம் எடுக்கும் கணிதத்தையும், சில மாதங்களில் மேற்கோள் குவியும் மருத்துவ உயிரியலையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது முறையற்றது என்பதைத் துறை சார்ந்தோர் எல்லோரும் அறிவர். 2012-இன் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும், ஆய்வாளரை இதழின் எண்ணால் மதிப்பிட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் பதவி உயர்வுப் படிவத்தில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது.

கட்டுரைகள் சில வெளிவந்த பின், மதிப்பாய்வு செய்து தருமாறு ஆய்வாளருக்கே அழைப்பு வரத் தொடங்கும். ஊதியம் இல்லாத அவ்வேலையைத் தட்டிக்கழிப்பவர்கள் தம் துறைக்கு உரியதைத் தராமல் போகிறார்கள் என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், தம் ஆய்வுப் பணியின் உச்சத்தில் இருந்த 1952 முதல் 1971 வரை, சிகாகோவில் ‘ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழுக்கு ஆசிரியராக இருந்து பிறர் கட்டுரைகளைப் படித்தார்; ஒரு பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்தது அவர் காலத்தில் அமெரிக்க வானியல் கழகத்தின் தேசிய இதழாயிற்று.

பட்டியல் கைவிடப்பட்டுள்ள இந்நிலையில், கட்டுரைகளை எப்படி மதிப்பிடுவது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குத்தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு: பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர், தம் கட்டுரைகளுள் சிறந்தவை என்று தாமே கருதும் இரண்டுக்கு, இதழிலிருந்து வந்த மதிப்பாய்வு அறிக்கைகளையும் தாம் எழுதிய பதில் கடிதங்களையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்று விதிக்கலாம். மதிப்பாய்வாளரின் பெயர் அறிக்கையில் இராது என்பதால் அவரது மறைவு கெடாது. இதழின் இசைவு வேண்டிய இடத்தில் விண்ணப்பதாரரே கேட்டுப் பெறலாம். ‘எம்போ ஜர்னல்’ 2009 முதலும், தொடக்கத்தில் ஆசிரியர்கள் விரும்பினால் மட்டும் என்ற முறையில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ 2016 முதலும் மதிப்பாய்வு அறிக்கைகளைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிட்டு வருகின்றன, ஆகவே இது கேள்விப்படாத வழக்கமன்று. தேர்வுக் குழுவினர் அந்த அறிக்கையையும் பதிலையும் அரை மணி நேரம் படித்தாலே, விண்ணப்பதாரர் தம் தரவை எவ்வளவு அறிவார், எந்தக் கேள்விக்காக ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிச் சென்றார், எங்கே உறுதியாக நின்றார் என்பது தெரிந்துவிடும்; எவரும் படிக்காமல் ஏற்றுக்கொண்ட இதழிலிருந்து அத்தகைய தாளைக் கொண்டுவருவது எளிதன்று, புனைந்து கொண்டுவந்தாலும் நேர்காணலில் கேட்கப்படும் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.